சுட்ட கல்லா, சுடாத கல்லா?

போன தை மாதம் எங்கள் தெருவுக்குள் ஒரு லாரி வந்து நின்றது. முழுக்கச் சலவைக்கல். அப்பளம் அடுக்கியது போல வரிசையாகச் சாய்த்து நிறுத்தி, இடையில் வைக்கோலும் பழைய சாக்கும் திணித்திருந்தார்கள். பெங்களூரில் இருக்கும் என் மூத்த மகன் மதுரைக் கடை ஒன்றில் பார்த்துப் பிடித்துப்போய் வாங்கியது. "அப்பா, தாத்தா கட்டின வீடு, விட்டுக்கொடுக்க மனசில்ல. ஆனா தரையையும் செவரையும் மட்டும் புதுசா மாத்திருவோம்" என்றான். சரி என்று தலையை ஆட்டிவிட்டேன். எழுபதைத் தாண்டியவனுக்கு வேறென்ன வேலை!

(சோழபுரம் என்றதும் வெளியூர் நண்பர்கள் "கங்கைகொண்ட சோழபுரமா?" என்று கேட்பது வழக்கம். இல்லை ஐயா, ராஜபாளையத்துக்குப் பக்கத்துச் சோழபுரம். ராஜேந்திர சோழனின் தலைநகரம் வேறு, நம்ம ஊர் வேறு. ஆனாலும் அந்த ராஜேந்திரன் இந்தப் பதிவில் ஓர் இடத்தில் தலைகாட்டுவார்.)

மறுநாள் வேலையைப் பார்க்க ஒரு பெரிய கொத்தனாரை அழைத்து வந்தோம். எண்பதை நெருங்கியவர். இப்போது கரண்டி பிடிப்பதில்லை. பேரன்மாரை வேலை வாங்குகிறார். உள் அறைக்குள் போனவர் சுவரைப் பார்த்ததும் நின்றுவிட்டார். புறங்கையால் மெதுவாகத் தடவினார். அப்புறம் கன்னத்தை வைத்துப் பார்த்தார்.

"சாரு, இந்தச் செவத்தையா ஒடைக்கணும்ங்கீங்க?"

"பழசாப் போச்சுன்னு பையன் சொல்லுதான் அண்ணாச்சி."

"இது எங்கப்பாரு இழைச்ச செவரு. நான் அப்ப சித்தாளு, பன்னெண்டு வயசு. நீங்க வாசல்ல எறக்கி வச்சிருக்கீகள்ல, அந்தக் கல்லும் இதும் ஒண்ணுதான் சாரு. அது சுடாத கல்லு. இது சுட்ட கல்லு."

ஔவைப் பாட்டியிடம் மரத்தின் மேலிருந்த பிள்ளை கேட்ட கேள்விதான் நினைவுக்கு வந்தது. சுட்ட பழமா, சுடாத பழமா? முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்தியவன் நான். கால்சியம் கார்பனேட்டைக் கரும்பலகையில் எத்தனை ஆயிரம் தடவை எழுதியிருப்பேன்! ஆனால் லாரியில் வந்த கல்லையும் என் வீட்டுச் சுவரையும் சேர்த்து வைத்துப் பார்க்கத் தோன்றவில்லை. பள்ளிக்கூடம் போகாத ஒரு கொத்தனார் சொல்லித்தான் புரிந்தது. அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. அதன் பலன்தான் இந்தப் பதிவு.

பளிங்கு என்பது எது?

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். பழைய நூல்களில் வரும் 'பளிங்கு' பெரும்பாலும் இன்றைய மார்பிள் அல்ல. அது ஸ்படிகம், கண்ணாடி போல ஊடுருவித் தெரிவது. பக்கத்தில் இருப்பதைப் பளிங்கு காட்டுவது போல நெஞ்சில் இருப்பதை முகம் காட்டும் என்கிறாரே வள்ளுவர், அது இந்த ஸ்படிகப் பளிங்குதான். மணிமேகலையில் 'பளிக்கறை புக்க காதை' என்றே ஒரு பகுதி இருக்கிறது. அந்தப் பளிக்கறைக்குள் இருந்த மணிமேகலையின் உருவம் வெளியே நின்ற உதயகுமரனுக்குத் தெரிந்தது. மார்பிள் சுவராக இருந்தால் தெரியுமா? பின்னால் வந்த காலத்தில்தான் பளிங்கு என்ற சொல் சலவைக்கல்லுக்கும் வந்து ஒட்டிக்கொண்டது.

சலவைக்கல்லின் பிறப்பு கடலில். கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன் கடலடியில் சுண்ணாம்புச் சேறு படிந்து, இறுகி, சுண்ணாம்புக்கல் ஆகிறது. அந்தப் பாறை பூமிக்குள் ஆழமாக அமுங்கி, சூட்டிலும் அழுத்தத்திலும் வெந்து, அதன் துகள்கள் எல்லாம் மறுபடியும் படிகமாகத் திரண்டால் அதுதான் மார்பிள். உடைத்துப் பார்த்தால் கல்கண்டை உடைத்தது போல உள்ளே மினுமினுக்கும். தூய்மையாக இருந்தால் வெள்ளை. இரும்பு, கரி, களிமண் கலந்திருந்தால் மஞ்சள், சாம்பல், பச்சை என்று ரேகை ஓடும்.

கிரானைட் அப்படியல்ல. அது பூமிக்குள் உருகிய குழம்பு ஆறி இறுகியது. கடினத்தைப் பத்துக்கு இத்தனை என்று அளப்பார்கள். சலவைக்கல்லுக்கு 3 மதிப்பெண். கிரானைட்டில் உள்ள கனிமங்களுக்கு 6, 7. ஆணியால் கீறினால் சலவைக்கல்லில் கோடு விழும், கிரானைட்டில் விழாது. எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விட்டு ஐந்து நிமிஷம் கழித்துத் துடைத்தால் சலவைக்கல்லில் பளபளப்பு போன இடம் தெரியும். கடைக்காரர் எதைக் காட்டி எந்தப் பெயரைச் சொன்னாலும் ஓர் ஆணியும் ஓர் எலுமிச்சம் பழமும் பையில் இருந்தால் ஏமாற மாட்டீர்கள். நம் அடுப்படி மேடைகளில் போடும் கறுப்புக் கடப்பா கல்லும் எலுமிச்சைக்குப் பயப்படும். அதுவும் சுண்ணாம்புக்கல் சாதிதான்.

நம் ஜில்லாவில் இருக்கும் சலவைக்கல்

அதெல்லாம் வடக்கே ராஜஸ்தானில், இல்லாவிட்டால் இத்தாலியில் கிடைப்பது, நம் பக்கம் ஏது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். நம் காலடியிலேயே இருக்கிறது.

தமிழ்நாட்டில் சுண்ணாம்புக்கல் இரண்டு விதம். அரியலூர்ப் பக்கம் கிடைப்பது டைனோசர் காலத்துக் கடல் விட்டுப்போனது. அதில் இன்றும் சிப்பியும் நத்தையும் கல்லாகிக் கிடப்பதைப் பார்க்கலாம். அது வேகாத கல். விருதுநகர், திருநெல்வேலி ஜில்லாக்களில் கிடைப்பது அதைவிட மிக மிகப் பழையது. பூமிக்குள் நன்றாக வெந்து படிகமானது. 'படிகச் சுண்ணாம்புக்கல்' என்று புவியியல்காரர்கள் எழுதுவார்கள். அவர்கள் கணக்கில் அதற்கு இன்னொரு பெயர் மார்பிள்.

நம் வட்டாரத்துப் பாறைகள் எவ்வளவு வெந்தவை என்பதற்கு ஒரு சான்று. ராஜபாளையம் பக்கத்துப் பாறைகளை ஜப்பான் வரைக்கும் எடுத்துப்போய் ஆராய்ந்திருக்கிறார்கள். சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன், பூமியின் அடியில் 900 டிகிரிக்கும் மேற்பட்ட சூட்டில் வெந்தவை அவை என்று கண்டிருக்கிறார்கள். சித்திரை வெயிலுக்கே நாம் சலித்துக்கொள்கிறோம்!

அருப்புக்கோட்டைக்குத் தெற்கே பந்தல்குடியில் இந்தப் படிகச் சுண்ணாம்புக்கல் சுரங்கம் இருக்கிறது. அந்த வட்டாரத்துக் கல்லை நம்பித்தான் ராஜபாளையத்து பி.ஏ.சி. ராமசாமி ராஜா சிமெண்ட் தொழிலில் இறங்கினார். 1936-இல் பஞ்சாலைக் கம்பெனி தொடங்கியவர், 1957-இல் சிமெண்ட் கம்பெனியைப் பதிவு செய்தார். அறுபதுகளின் தொடக்கத்தில் விருதுநகர்ப் பக்கத்தில் ஆலை ஓடத் தொடங்கியது. இன்று அந்த இடத்தின் பெயரே ராமசாமி ராஜா நகர், நம் வாயில் ஆர்.ஆர். நகர். அதற்கு முன்பே, 1949-இல், திருநெல்வேலிக்கு வடக்கே தாழையூத்தில் இந்தியா சிமெண்ட்ஸ் ஆலை வந்துவிட்டது. ரயிலில் திருநெல்வேலி போகும்போதெல்லாம் ஜன்னல் வழியே அந்தப் புகைபோக்கியைப் பார்த்தவர்கள்தானே நாம்!

அப்படியானால் இதை ஏன் பலகை பலகையாக அறுத்து விற்கவில்லை? சலவைக்கல் பலகைக்கு முதல் தேவை, விரிசல் இல்லாத பெரிய கட்டி. ஒரு கன மீட்டர் கல் 2.7 டன் எடை இருக்கும். அந்த அளவுக் கட்டி வெடிப்பில்லாமல், ஒரே நிறமாகக் கிடைத்தால்தான் அறுக்க முடியும். நம் பக்கத்துக் கல் மடிந்து, நெளிந்து, இடையிடையே வேறு பாறை நுழைந்து கிடக்கிறது. அதனால் அது தரைக்குப் போகவில்லை, சூளைக்குப் போனது.

கல்லில் வடக்கு, சுண்ணாம்பில் தெற்கு

இப்போது ராஜேந்திர சோழனைக் கூப்பிடுகிறேன். அவர் தந்தை ராஜராஜன் தஞ்சைப் பெரிய கோயிலை முடித்தது 1010-இல். பிறகு மகன் கங்கைகொண்ட சோழபுரத்தில் கோயில் எழுப்பினார். இரண்டும் கருங்கல். ராஜேந்திரன் ஆண்ட அதே காலத்தில், 1031-இல், வடக்கே அபு மலையில் தில்வாராவில் விமல் ஷா என்ற அமைச்சர் ஒரு சமணக் கோயில் கட்டினார். அது முழுக்க வெள்ளைச் சலவைக்கல். கூரையில் தொங்கும் தாமரையை வெண்ணெயில் செதுக்கினார்களா என்று கேட்கத் தோன்றும். மென்மையான கல் என்பதால் அவ்வளவு நுணுக்கம் சாத்தியமாயிற்று.

நம் சிற்பிகளுக்குச் சலவைக்கல் கிடைத்திருந்தால் பெரிய கோயிலை அதில் கட்டியிருப்பார்களா? மாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். நம் கோயிலில் மூலவருக்குப் பால், தயிர், எலுமிச்சைச் சாறு, பஞ்சாமிர்தம் எல்லாம் அபிஷேகம் ஆகும். தயிரும் எலுமிச்சையும் தினமும் பட்டால் சலவைக்கல் கரைந்துபோகும். கருங்கல் ஆயிரம் வருஷம் தாங்கும். ஸ்ரீரங்கத்தில் பெரிய பெருமாளின் திருமேனி சுதையால் ஆனது. சுதை என்றால் சுண்ணாம்புச் சாந்து. அதனால் அங்கே மூலவருக்குத் திருமஞ்சனம் கிடையாது, தைலக்காப்புதான். கல்லின் குணம் தெரிந்து வழிபாட்டை வகுத்தவர்கள் நம் முன்னோர்.

அதே சுதைதான் நம் கோபுரங்களில். கீழே கருங்கல் அடித்தளம். மேலே போகப் போகச் செங்கல்லும் சுண்ணாம்பும். ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரத்தைத் தமிழ்நாட்டு அரசாங்க முத்திரையாக எல்லோரும் அறிவார்கள். பதினொரு நிலை, 192 அடி. மழைக்கும் இடிக்கும் அது அண்ணாந்து நிற்பதில் சுண்ணாம்புக்கும் பங்கு உண்டு.

இன்னொரு ஜோடியைச் சொல்கிறேன். 1631-இல் மும்தாஜ் இறந்தார். அடுத்த ஆண்டே, 1632-இல், ஆக்ராவில் தாஜ்மகால் வேலை தொடங்கியது. கல் வந்தது ராஜஸ்தானின் மக்ரானாவிலிருந்து, சுமார் 400 கிலோமீட்டர், மாட்டு வண்டியில். அந்தப் பகுதியில் செல்வாக்குள்ள ஆம்பர் ராஜா ஜெய்சிங்குக்கு ஷாஜஹான் அனுப்பிய ஆணைகள் இன்றும் இருக்கின்றன. 1637-இல் போன ஓர் ஆணை, உம்முடைய ஆட்கள் கல்வெட்டுபவர்களைத் தங்கள் வேலைக்குப் பிடித்து வைத்துக்கொள்கிறார்களாம், அவர்களை மக்ரானாவுக்கு அனுப்பும் என்று கண்டிக்கிறது. நல்ல கொத்தனாருக்கு அன்றும் தட்டுப்பாடுதான் போலிருக்கிறது!

ஷாஜஹான் ஆண்ட அதே காலத்தில் மதுரையில் திருமலை நாயக்கர். 1636-இல் அவர் எழுப்பிய மகாலை நாம் பள்ளிக்கூடச் சுற்றுலாவிலேயே பார்த்துவிட்டோம். ஒருவர் கட்டிப்பிடிக்க முடியாத அந்த வெள்ளைத் தூண்களைக் கட்டிப்பிடித்துப் போட்டோ எடுக்காதவர் யார்? அவை செங்கல். மேலே சுண்ணாம்புச் சாந்து. அதற்கு மேல் முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த பூச்சு. அதன் பெரும்பகுதியைப் பேரன் சொக்கநாத நாயக்கர் பிரித்துத் திருச்சிக்குக் கொண்டுபோய்விட்டார். மிஞ்சியதையே நாம் வாய் பிளந்து பார்க்கிறோம். ஸ்ரீவில்லிபுத்தூரிலும் திருமலை நாயக்கர் அரண்மனை ஒன்று உண்டு என்பதை நம் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

தாஜ்மகாலும் முழுக்கச் சலவைக்கல் இல்லை. உள்ளுடம்பு செங்கல்லும் சுண்ணாம்பும். மேலே போர்த்தியதுதான் மக்ரானா கல். மதுரைத் தூணுக்கு மேலே போர்த்தியது சுண்ணாம்பு. ஆக, ஷாஜஹானின் வெள்ளைக்கும் திருமலை நாயக்கரின் வெள்ளைக்கும் வேதியியலில் வேறுபாடு இல்லை. ஒன்று கல்லாகவே வந்தது. மற்றது சூளைக்குள் போய், சாம்பலாகி, சுவரில் மறுபடி கல்லானது.

கல் சாவதும் பிழைப்பதும்

அது எப்படி என்று வாத்தியார் பாணியில் சொல்லிவிடுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

சுண்ணாம்புக்கல்லை, அல்லது கிளிஞ்சலை, சூளையில் வைத்து 900 டிகிரி சுமாருக்குச் சுட்டால் அதிலுள்ள கரியமில வாயு வெளியேறிவிடும். 100 கிலோ தூய கல் 56 கிலோ சுட்ட சுண்ணாம்பாகும். 44 கிலோ ஆகாயத்துக்குப் போய்விடும். அதில் தண்ணீர் ஊற்றினால் கொதித்து, பூத்து, மாவாகும். அதுதான் நீற்றிய சுண்ணாம்பு. மணலோடு சேர்த்து அரைத்துச் சுவரில் பூசினால், அன்று போன அந்த 44 பங்கைக் காற்றிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப இழுத்துக்கொள்ளும். நாள் கணக்கில் அல்ல, வருஷக் கணக்கில். முழுசாக இழுத்து முடித்ததும் அது என்ன? மறுபடியும் கால்சியம் கார்பனேட். சலவைக்கல் எதுவோ அதுவே. 'சுட்ட கல்லு' என்று கொத்தனார் சொன்னது நூற்றுக்கு நூறு சரி.

1958-இல் எங்கள் வீட்டில் அத்தை கல்யாணத்துக்காக உள் அறை கட்டியபோது எனக்கு எட்டு வயது. வாசலில் குழி வெட்டிச் சுண்ணாம்பை நீற்றினார்கள். தண்ணீர் ஊற்றியதும் குழியே உலைப்பானை மாதிரி கொதிக்கும். "கிட்டப் போகாதலே, கண்ணு அவிஞ்சிரும்" என்று ஆச்சி கத்திக்கொண்டே இருப்பார். வட்டமான பள்ளத்தில் கல் உருளையை மாடு சுற்றி இழுக்க, சாந்து அரைபடும். கடுக்காய் ஊறிய தண்ணீரும் கருப்பட்டித் தண்ணீரும் விடுவார்கள். அதில் ஒரு விரல் தொட்டு நக்கி நாக்கு வெந்துபோனது எனக்கு மட்டுமே தெரிந்த ரகசியம், இன்று வரை!

கடைசிப் பூச்சுக்குக் கிளிஞ்சல் சுண்ணாம்பைச் சலித்து, அம்மியில் வெண்ணெய் போல அரைத்து, முட்டை வெள்ளைக்கரு சேர்த்தார்கள். முதலில் கரண்டியால் இழைப்பு. பிறகு வழவழப்பான கூழாங்கல்லால் தேய்ப்பு. ஈரம் கசியக் கசியத் துணியால் ஒற்றி மறுபடி தேய்ப்பு. ஒரு சுவருக்கு எத்தனை நாள் என்று எனக்கு நினைவில்லை. கல்யாணத்துக்கு முந்தின நாள் வரை அந்தத் தேய்ப்புச் சத்தம் கேட்டது மட்டும் நினைவிருக்கிறது.

இந்த வித்தைக்கு உலகப் பெயரே உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டில் சென்னைக்கு வந்த வெள்ளைக்காரர்கள் கட்டடங்களைச் சலவைக்கல் என்றே முதலில் நம்பினார்கள். அப்புறம் அது பூச்சு என்று தெரிந்து வியந்து எழுதினார்கள். நம் 'சுண்ணம்' என்ற சொல் ஆங்கிலத்துக்குப் போய் 'மெட்ராஸ் சுனாம்' ஆனது அப்படித்தான்.

சுடாத கல் வந்த கதை

தமிழ்நாட்டுக்குச் சலவைக்கல் கப்பலேறி வந்தது பெரும்பாலும் சிலையாகவும் நினைவுச் சின்னமாகவும்தான். சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்தில் காரன்வாலிஸ் பிரபுவின் சிலை நிற்கிறது. தஞ்சாவூரில் சுவார்ட்ஸ் பாதிரியார் 1798-இல் இறந்தபோது, அவரைக் குருவாக நினைத்த சரபோஜி மன்னர் லண்டனில் ஃபிளாக்ஸ்மன் என்ற சிற்பியிடம் சொல்லி ஒரு சலவைக்கல் சிற்பம் செய்வித்தார். பாதிரியார் படுக்கையில் கிடக்க, மன்னர் அவர் கையைப் பிடித்திருக்கும் காட்சி. தஞ்சை போகிறவர்கள் பெரிய கோயிலோடு திரும்பிவிடாமல் சிவகங்கைக் குளத்தருகே உள்ள தேவாலயத்தில் இதையும் பாருங்கள்.

பிறகு செட்டிநாடு. பர்மாவில் சம்பாதித்த செல்வம் பர்மாத் தேக்காகவும் இத்தாலிச் சலவைக்கல்லாகவும் வீடு வந்து சேர்ந்தது. அங்கே ஓர் அழகு உண்டு. தரையில் இத்தாலியின் சுடாத கல். சுவரில் நம் ஊர்க் கொத்தனாரின் சுட்ட கல். இரண்டையும் தொட்டுப் பாருங்கள், எது எது என்று கை சொல்லாது.

நம்மைப் போன்ற நடுத்தரக் குடும்பத்துக்குச் சலவைக்கல் நுழைந்தது சில்லாக. மொசைக் தரை ஞாபகம் இருக்கிறதா? சலவைக்கல் சில்லைச் சிமெண்டில் குழைத்துப் போட்டு, மெஷினை வைத்துத் தண்ணீர் விட்டு ராப்பகலாகத் தேய்ப்பார்கள். பாலாகத் தண்ணீர் ஓடி வாசல் சாக்கடையே வெள்ளையாகும். அப்படி ஒரு தரை போட்ட வீட்டுக்கு ஊரே வந்து பார்க்கும்.

இப்போது நேரே பலகை. சுரங்கத்தில் வைரத்துகள் பதித்த கம்பிக் கயிற்றை ஓட்டிக் கட்டியாக அறுக்கிறார்கள். முன்பு உளியும் ஆப்பும் வைத்துப் பிளந்த வேலை. பிறகு ஆலையில் வரிசையாக வாள்கள் பூட்டிய எந்திரம் ஒரே நேரத்தில் பல பலகைகளாக அறுக்கிறது. ராஜஸ்தானில் கிஷன்கட் என்ற ஊர் இந்த வியாபாரத்துக்குப் பெரிய சந்தை. அங்கே அறுப்புக் கழிவு மாவைக் கொட்டிக் கொட்டிப் பனிமலை போல ஒரு வெள்ளை வெளியே உருவாகிவிட்டது. கல்யாண ஜோடிகள் அங்கே போய்ப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். கல்லில் பலகையாகிற பங்கு எவ்வளவு, வீணாகிற பங்கு எவ்வளவு என்பதற்கு அந்த மலையே சாட்சி.

நான் செய்த தப்பு

இனி என் கதைக்கு வருகிறேன். 1994-இல் எங்கள் முன் பட்டகசாலைச் சுவரைப் 'பழசு' என்று நானே கொத்தச் சொன்னேன். அதுவும் சுண்ணாம்புப் பூச்சுதான். சிமெண்ட் பூசி, மேலே பளபளவென்று பெயிண்ட் அடித்தேன். யாரும் வற்புறுத்தவில்லை. பக்கத்து வீடு அப்படி இருந்தது, அவ்வளவுதான். மூன்றாவது மழைக்காலத்தில் சுவரின் அடிப்பகுதி பொரிய ஆரம்பித்தது. பெயிண்ட் செதில் செதிலாக உரிந்தது, உப்பு பூத்தது. அன்றிலிருந்து வருஷா வருஷம் சுரண்டுவதும் அடிப்பதுமாகச் செலவு.

சிமெண்டின் குற்றம் அல்ல இது. சிமெண்டும் அதே சுண்ணாம்புக்கல்தான், களிமண்ணோடு சேர்த்து 1,450 டிகிரியில் சுட்டது. பாலத்துக்கும் மாடிக்கும் அது இல்லாமல் முடியாது. ஆனால் பழைய செங்கல் சுவர் மண்ணிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். சுண்ணாம்புப் பூச்சு அதை மூச்சு விடுவது போல வெளியே விட்டுவிடும். நான் அந்த மூச்சை அடைத்தேன். உள்ளே சிக்கிய ஈரம் பூச்சைத் தள்ளிக்கொண்டு வந்தது. உள் அறைச் சுவருக்கு 1958-க்குப் பிறகு ஒரு பைசா செலவில்லை. அதையும் உடைக்கத்தான் இந்தத் தைக்கு ஆள் கூப்பிட்டோம்!

மகனுக்கு ராத்திரியே போன் போட்டேன். தாஜ்மகால், நாயக்கர் மகால், 44 கிலோ எல்லாம் சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "அப்பா, கிளாஸ் எடுத்து முடிச்சிட்டீங்களா?" என்றான். பிறகு, "கல்லு தரைக்கு மட்டும் இருக்கட்டும். செவத்தத் தொட வேண்டாம்" என்றான்.

ஓர் ஓரத்தில் மட்டும் கை அகலத்துக்குப் பூச்சு பெயர்ந்திருந்தது. அதைச் சரிசெய்யச் சுண்ணாம்பு வேண்டும். கடை கடையாக அலைந்தேன். வெற்றிலைக்குப் போடும் டப்பா கிடைத்தது, டிஸ்டெம்பர் கிடைத்தது, நல்ல கிளிஞ்சல் சுண்ணாம்பு கிடைக்கவில்லை. சுண்ணாம்புக்கல் மேலேயே உட்கார்ந்திருக்கிற ஜில்லாவில் ஒரு மூட்டை சுண்ணாம்புக்கு மூன்று வாரம் காத்திருந்தேன். வந்ததும் கொத்தனார் பேரன்மாரை விலக்கிவிட்டுத் தாமே கரண்டி எடுத்தார். கை நடுங்கியது. கூழாங்கல்லை வைத்துத் தேய்க்க ஆரம்பித்ததும் நடுக்கம் நின்றது. பேரன்மார் இருவரும் செல்போனைப் பைக்குள் வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சின்னவன் மட்டும், "தாத்தா, நான் ஒரு தடவ தேய்க்கட்டா?" என்று கேட்டான்.

இப்போது பட்டகசாலையில் சலவைக்கல் தரை. அழகாகத்தான் இருக்கிறது, கோடைக்குக் குளிர்ச்சி. என் வயதுக்காரர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. ஈரக்காலோடு நடக்காதீர்கள், வழுக்கினால் இடுப்பெலும்பு போச்சு; குளியலறைக்குள் பளபளப்புக் கல் வேண்டவே வேண்டாம். இரண்டாவது, கக்கூஸ் கழுவும் ஆசிட்டை அதன் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். வெறும் தண்ணீர் போதும். புளி, எலுமிச்சை, ரசம் சிந்தினால் உடனே துடைத்துவிடுங்கள்.

உள் அறையில் ஒட்டுப் போட்ட இடம் மட்டும் மற்றச் சுவரைவிடக் கொஞ்சம் வெளுப்பாகத் தெரிகிறது. "காத்தக் குடிச்சுக் கல்லாகணும்ல சாரு, சில வருசம் ஆகும்" என்றார் கொத்தனார். தினமும் காலையில் காபி டம்ளரோடு போய்த் தொட்டுப் பார்க்கிறேன்.

உங்கள் வீட்டில் இழைத்த சுவர் இருக்கிறதா? இருந்தால் உடைக்கச் சொல்வதற்கு முன் ஒரு தடவை கன்னத்தை வைத்துப் பாருங்கள். இழைக்கத் தெரிந்த கொத்தனார் யாராவது உங்கள் பக்கம் இன்னும் இருந்தால் எழுதுங்கள். சின்னவனைக் கொஞ்ச நாள் அவரிடம் அனுப்பலாம் என்று பெரியவர் சொல்லிக்கொண்டிருக்கிறார்.